சீட்டில்லாமல் வாங்கும் மருந்து

“அண்ணா, பாப்பாவுக்குக் காய்ச்சல் அனலா கொதிக்குது. நல்ல மருந்தா ஒண்ணு குடுங்க.”

மருந்துக்கடைக் கவுன்ட்டரின் இந்தப் பக்கம் நின்று நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். பதிலுக்கு நான் கேட்பதும் ஒரே கேள்விதான்: “பாப்பா எத்தனை கிலோம்மா?” உடனே வயதைச் சொல்வார்கள். ஒன்றரை வயசு, போன மாசம்தான் மொட்டை போட்டுக் காது குத்தினோம் என்பார்கள். எடை மட்டும் தெரியாது. ஒன்றரை வயதுக் குழந்தை எட்டு கிலோவும் இருக்கும், பன்னிரண்டு கிலோவும் இருக்கும். ஒருவருக்குச் சரியான அளவு இன்னொருவருக்குக் குறையும், அல்லது கூடிவிடும். குழந்தை மருந்தின் கணக்கு எடையில்தான் தொடங்குகிறது.

ஆகவே இந்த அத்தியாயத்தில் உங்களுக்கு முதல் வேலை இது. மாதம் ஒருமுறை குழந்தையின் எடையைப் பார்த்து, தேதியோடு வீட்டு நாட்காட்டியில் எழுதிவிடுங்கள். அங்கன்வாடியில் எடை போடுவார்கள். இல்லையென்றால், நீங்கள் எடை பார்க்கும் கருவியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறையும், தனியாக ஒருமுறையும் நின்று கழித்துக்கொள்ளலாம். நடுராத்திரியில் காய்ச்சல் வரும்போது இந்த ஒரு எண் கையில் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

சீட்டில்லாமல் கிடைக்கிற மருந்து என்றால் ஆபத்தில்லாத மருந்து என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நம் நாட்டில் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கவேண்டும் என்று சட்டம் சொல்லும் மருந்துகளுக்குப் பட்டியல்கள் உண்டு. அந்த மருந்துகளின் லேபிளில் இடது ஓரமாக மேலிருந்து கீழே ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அந்தப் பட்டியல்களில் வராத மருந்துகளைத்தான் சீட்டில்லாமல் விற்கலாம். ஆனால் நடைமுறையில் சிவப்புக் கோடு போட்டதும் கேட்டால் கிடைத்துவிடுகிறது. கடைக்காரர் கொடுத்துவிட்டார் என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கோடு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இருந்தால் அது இந்த அத்தியாயத்தில் வரும் மருந்து இல்லை, மருத்துவரிடம் போகவேண்டிய விஷயம்.

காய்ச்சல் மருந்து

வீட்டில் வைத்திருக்கத் தகுந்த காய்ச்சல் மருந்து ஒன்றே ஒன்றுதான்: பாராசிட்டமால். கால்பால், குரோசின், டோலோ, பேசிமால் என்று பாட்டில் மேலே எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது அதுவே. ஒன்று கேட்கவில்லை என்று இன்னொன்றை வாங்கிக் கொடுப்பவர்கள் அதே மருந்தை இரட்டிப்பாகக் கொடுக்கிறார்கள்.

அளவு இதுதான். ஒரு வேளைக்கு, எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 15 மில்லிகிராம். இரண்டு வேளைக்கு இடையில் ஆறு மணி நேரம் விடுவது நல்லது, நான்கு மணி நேரத்துக்குக் குறையவே கூடாது. இருபத்துநான்கு மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். பத்து கிலோக் குழந்தை என்றால் ஒரு வேளைக்கு 100 முதல் 150 மி.கி.

இதை மில்லிலிட்டராக மாற்றும் இடத்தில்தான் தவறு நடக்கிறது. பாராசிட்டமால் திரவ மருந்து நம் கடைகளில் பல திண்மையில் வருகிறது. ஐந்து மி.லி.யில் 120 அல்லது 125 மி.கி. இருப்பது ஒன்று. ஐந்து மி.லி.யில் 250 மி.கி. இருப்பது இன்னொன்று. மூன்றாவது, கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து. சின்னப் பாட்டிலாக, சொட்டுக்குழாயோடு வரும். சின்னது, கைக்குழந்தைக்கானது, ஆகவே லேசானது என்று தோன்றும். உண்மை நேர்மாறு. அதில் ஒரே ஒரு மி.லி.யில் 100 மி.கி. இருக்கிறது. சாதாரண சிரப்பைவிட நான்கு மடங்கு திண்மை. கைக்குழந்தைக்கு நிறையப் புகட்ட முடியாது, கொஞ்சத்திலேயே அளவு அடங்கவேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள்.

அந்தப் பத்து கிலோக் குழந்தைக்கே கணக்குப் போட்டுப் பாருங்கள்:

125 மி.கி. சிரப் என்றால் 4 முதல் 6 மி.லி.
250 மி.கி. சிரப் என்றால் 2 முதல் 3 மி.லி.
100 மி.கி. சொட்டு மருந்து என்றால் 1 முதல் ஒன்றரை மி.லி.

ஒரே குழந்தை, ஒரே மருந்து, மூன்று வேறு அளவுகள். “போன தடவை டாக்டர் அஞ்சு எம்எல் குடுக்கச் சொன்னார்” என்ற நினைவு இங்கே உதவாது. எந்தப் பாட்டிலில் ஐந்து என்பதுதான் கேள்வி.

ஒரு காலையில் கடை திறந்தவுடன் ஓர் இளைஞர் வந்தார். கையில் காலியான சொட்டு மருந்துப் பாட்டில். “இதே மாதிரி இன்னொண்ணு குடுங்கண்ணா, நேத்து சாயங்காலம் வாங்கினது, அதுக்குள்ள தீந்துடுச்சு” என்றார். பதினைந்து மி.லி. பாட்டில். எட்டு கிலோக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஒரு மி.லி. அளவில் போனால் மூன்று நாளைக்கு மேல் வரவேண்டியது. “எப்படிக் குடுத்தீங்க தம்பி?” என்று கேட்டேன். பழைய சிரப் தீர்ந்துவிட்டது, அவசரத்துக்கு வேறு கடையில் அதே பெயரைச் சொல்லிக் கேட்டார், சொட்டு மருந்து கொடுத்தார்கள், அவர் சிரப்பைப் போலவே பாலாடையில் ஐந்து ஐந்து மி.லி.யாக ராத்திரிக்குள் மூன்று முறை புகட்டியிருக்கிறார். மொத்தம் 1,500 மி.கி. அந்தக் குழந்தைக்கு ஒரு நாள் முழுவதற்கும் 480 மி.கி.யைத் தாண்டக் கூடாது. குழந்தை நன்றாக விளையாடுகிறது என்றார். இந்த விஷத்தில் பயமே அதுதான். முதல் நாள் பெரிதாக எதுவும் தெரியாது, உள்ளே கல்லீரல் கெடத் தொடங்கியிருக்கும். அப்போதே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். பாராசிட்டமாலுக்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிமருந்து இருக்கிறது, காலத்தோடு போனால் நன்றாகக் கேட்கும். அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது. அந்தத் தகப்பனார்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பெயரைச் சொல்லிக் கேட்டார், பெயர் சரியாகவே இருந்தது. திண்மையைக் கேட்கவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

லேபிள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். பயப்படவேண்டாம், இரண்டு எண்களைக் கண்டுபிடித்தால் போதும். ‘ஈச் 5 எம்எல் கன்டெய்ன்ஸ்’ அல்லது ‘ஈச் எம்எல் கன்டெய்ன்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும். அதில் 5 என்ற எண் இருக்கிறதா இல்லையா என்று பாருங்கள். இல்லையென்றால் அது சொட்டு மருந்து. அதற்குக் கீழே மருந்தின் பெயரும் மி.கி. எண்ணும் இருக்கும். கடையிலேயே, பணம் கொடுக்கும் முன், “இதுல எத்தனை மில்லிகிராம்? எங்க பாப்பா இத்தனை கிலோ, எத்தனை எம்எல் குடுக்கணும்?” என்று கேளுங்கள். சொல்லும் அளவைப் பேனாவால் பெட்டிமேல் எழுதச் சொல்லுங்கள். அலுத்துக்கொள்ளும் கடையாக இருந்தால் வேறு கடைக்குப் போங்கள்.

இன்னொன்று. காய்ச்சல் மருந்து வெப்பமானிக்குக் கொடுப்பதல்ல, குழந்தைக்குக் கொடுப்பது. நூற்றொரு டிகிரி இருந்தாலும் தவழ்ந்து விளையாடி, பால் குடித்துக்கொண்டிருக்கிற குழந்தைக்கு மருந்து அவசியமில்லை. சோர்ந்து, அழுது, உடம்பு வலியில் தூங்காமல் இருக்கிற குழந்தைக்குக் கொடுங்கள். கொடுத்தபின் சூடு முழுவதும் இறங்கவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஒன்றிரண்டு டிகிரி குறைந்து குழந்தை தெளிந்தால் மருந்து வேலை செய்துவிட்டது. இந்த மருந்து வலிப்பைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் மணிக்கு மணி கொடுக்கிறவர்களும் உண்டு. காய்ச்சல் வலிப்பை இது தடுப்பதில்லை. ஐஸ் தண்ணீர் ஒத்தடமும் வேண்டாம், கம்பளியால் மூடுவதும் வேண்டாம். மெல்லிய துணி உடுத்தி, அடிக்கடி தாய்ப்பாலோ தண்ணீரோ கஞ்சியோ கொடுங்கள்.

மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 100.4 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. மருந்துக்கடைக்கு வராதீர்கள். நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

கொடுக்கக் கூடாத காய்ச்சல் மருந்துகள்

ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடாது. வைரஸ் காய்ச்சலில் அதைக் கொடுத்தால் மூளையையும் கல்லீரலையும் ஒருசேரத் தாக்கும் ரேய் நோய் வரலாம். தாத்தா இதயத்துக்குச் சாப்பிடும் சின்ன மாத்திரை பெரும்பாலும் அதுதான். நிமிசுலைடு பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கூடாது என்று 2011-லேயே மத்திய அரசு தடைசெய்துவிட்டது. பழைய பாட்டிலோ மாத்திரையோ வீட்டில் கிடந்தால் எறியுங்கள்.

ஐபுபுரூஃபனும் மெஃபனமிக் அமிலமும் நம் ஊரில் தாராளமாகப் புழங்குகின்றன. “பாராசிட்டமால் கேக்கல, ஸ்ட்ராங்கா குடுங்க” என்று கேட்டால் கிடைப்பது இவைதான். காய்ச்சலை வேகமாக இறக்கும், உண்மை. ஆனால் நம் ஊர் மழைக்காலத்தில் வரும் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம், முதல் இரண்டு நாளில் அது பார்த்தவுடன் தெரியாது. டெங்குவில் இந்த மருந்துகள் இரத்தக் கசிவை அதிகமாக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றியிருக்கும்போது சிறுநீரகத்தையும் கெடுக்கும். மருத்துவர் பார்த்து எழுதினால் கொடுங்கள், நீங்களாக வாங்காதீர்கள். பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் சேர்ந்த கலவை சிரப் கையில் இருக்கும்போது தனிப் பாராசிட்டமாலையும் கொடுப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் இரட்டிப்பு. டெங்குவைப் பற்றி ஒரு வரி சேர்த்துச் சொல்லவேண்டும்: அதில் ஆபத்து காய்ச்சல் விடும்போதுதான் தொடங்குகிறது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு தணிந்த குழந்தை வயிற்றுவலி, விடாத வாந்தி, கை கால் சில்லிடுதல், சோர்வு என்று கிடந்தால், காய்ச்சல் விட்டுவிட்டது என்று சந்தோஷப்பட்டு வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

இருமல் சிரப்

இதைப் பற்றி நான் மென்மையாக எழுதப்போவதில்லை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நீங்களாக ஒரு சளி, இருமல் சிரப் வாங்கவேண்டிய தேவை எப்போதும் கிடையாது.

2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சின்னஞ்சிறு குழந்தைகள் அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இருபது பேருக்கும் மேல். எல்லாம் சாதாரணச் சளி காய்ச்சலில் தொடங்கியவை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ‘கோல்ட்ரிஃப்’ என்ற சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதைச் சோதித்தபோது 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் கரைப்பான் அது. சிரப்பில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மருந்தைக் கரைக்க உதவும் புரொப்பிலீன் கிளைக்காலையும் கிளிசரினையும் மலிவாக வாங்கிச் சோதிக்காமல் ஊற்றும் இடத்தில் இந்த விஷம் நுழைகிறது. இனிப்பாக இருக்கும். குழந்தை முகம் சுளிக்காமல் குடித்துவிடும். 1937-இல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் இதே விஷத்தால் இறந்தார்கள். 1972-இல் சென்னையில், 1998-இல் குருகிராமில், 2022-இல் காம்பியாவில் குழந்தைகள் இறந்தார்கள்.

பாட்டிலைப் பார்த்தோ, முகர்ந்தோ, சுவைத்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. நானும் கண்டுபிடிக்க முடியாது. சோதிக்கவேண்டியது தயாரிப்பவரும் அரசும். வீட்டில் நம்மால் செய்யக் கூடியது, தேவையில்லாத பாட்டிலை வீட்டுக்குள் விடாமல் இருப்பது.

விஷமே கலக்காத நல்ல இருமல் சிரப்பாலும் சின்னக் குழந்தைக்கு நன்மை குறைவு. சளி வைரஸால் வருகிறது, ஒரு வாரம் பத்து நாளில் தானாக விடுகிறது, இருமல் இன்னும் சில நாள் நீடிக்கும். சிரப்பில் இருக்கும் குளோர்ஃபெனிரமின் குழந்தையைத் தூங்கவைக்கிறது, ஃபீனைலெஃப்ரின் இதயத் துடிப்பைக் கூட்டலாம். தூங்கியதைப் பார்த்துச் சளி குறைந்தது என்று நாம் நினைக்கிறோம். இந்த இரண்டும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்து, லேபிளிலும் அச்சிடச் சொன்னது. 2025 அக்டோபரில் மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம், இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்து எழுதவோ கொடுக்கவோ கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று மாநிலங்களுக்கு எழுதியது. இந்தச் சிரப்புகள் பலவற்றில் பாராசிட்டமாலும் சேர்ந்திருக்கும். ‘சளி மருந்து ஒன்று, காய்ச்சல் மருந்து ஒன்று’ என்று இரண்டு பாட்டில் வாங்குகிறவர்கள் இரண்டிலும் அதையே கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

வேறு என்ன செய்வது என்று கேட்பீர்கள். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து, பால் கொடுக்கும் முன்னும் தூங்கவைக்கும் முன்னும். மூக்கடைப்பு நீக்கி என்று விற்கும் மற்றச் சொட்டுகள் வேண்டாம், பெட்டியில் ‘சலைன்’ என்று மட்டும் இருக்கவேண்டும். வெதுவெதுப்பான நீர், கஞ்சி, சூப். ஒரு வயது நிறைந்த குழந்தைக்குத் தூங்கும் முன் அரை டீஸ்பூன் தேன். ஒரு வயதுக்குள் தேன் தொட்டு நாக்கில் வைக்கவும் கூடாது, அதில் இருக்கக் கூடிய கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கவைக்கும். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க மருத்துவரிடம் போகவேண்டும்.

வயிற்றுப்போக்கு

இங்கே மருந்து என்பது ஓ.ஆர்.எஸ். உப்புச்சர்க்கரைக் கரைசல். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகாலனபிஸ் சலைன் பாட்டில் தீர்ந்த நிலையில் இதை டிரம்களில் கரைத்துக் கொடுத்து ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். இவ்வளவு எளிய மருந்தை இன்றும் நாம் தவறாகத்தான் கரைக்கிறோம். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னப் பாக்கெட் 200 மி.லி.க்கு. எதற்கு எவ்வளவு என்று பாக்கெட்டில் எழுதியிருக்கும். பெரிய பாக்கெட்டில் ஒரு ஸ்பூன் எடுத்து ஒரு டம்ளரில் கரைப்பது, கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும் என்று தண்ணீரைக் குறைப்பது, சர்க்கரை சேர்ப்பது எல்லாம் ஆபத்து. உப்பு கூடினால் மூளையைப் பாதிக்கும். முழுப் பாக்கெட்டையும் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரேயடியாகக் கரைத்து, ஒரு நாளைக்குள் தீர்த்துவிடுங்கள், மிச்சத்தைக் கொட்டுங்கள். இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை போனபின்னும் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேற்பட்ட வயதில் 100 முதல் 200 மி.லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

கடையில் அட்டைப் பெட்டியில் ஆரஞ்சு, ஆப்பிள் சுவையில் வந்த இனிப்புப் பானங்கள் பல ஆண்டுகள் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரோடு ஒட்டிக்கொண்டு விற்றன. அவற்றில் சர்க்கரை அதிகம், வயிற்றுப்போக்கை அது கூட்டும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் விடாமல் போராடியபின் 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயருக்குத் தடை போட்டது. ‘டபிள்யூ.ஹெச்.ஓ. ஃபார்முலா’ என்று அச்சிட்ட பாக்கெட்டை மட்டும் வாங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். கூடவே துத்தநாக மாத்திரையும் தருவார்கள். ஆறு மாதத்துக்கு மேல் நாளுக்கு 20 மி.கி., இரண்டிலிருந்து ஆறு மாதம் வரை 10 மி.கி., பதினான்கு நாள். மூன்றாம் நாளே வயிறு சரியாகிவிட்டாலும் பதினான்கு நாளும் கொடுங்கள். பேதியை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரையைக் குழந்தைக்குப் பொடித்துக் கொடுக்காதீர்கள். குடலை அசையாமல் செய்துவிடும்.

மற்றவை, சுருக்கமாக

‘செட்’ வாங்காதீர்கள். காய்ச்சலுக்கு ஒரு செட், சளிக்கு ஒரு செட் என்று பெயர் தெரியாத நான்கு மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துத் தருவது குழந்தை விஷயத்தில் நடக்கவே கூடாது. போன தடவை மிஞ்சிய ஆன்டிபயாடிக் பவுடர் சிரப்பை இந்தத் தடவைக்கு எடுக்காதீர்கள். தண்ணீர் கலந்தபின் அதன் ஆயுள் சில நாள்தான், பெட்டியில் போட்டிருக்கும். வீசிங்குக்கு என்று முன்பு எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு சொட்டை ஒவ்வொரு சளிக்கும் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது குழந்தையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், வளர்ச்சியைக் கெடுக்கும். பஸ்ஸில் அழாமல் தூங்குவதற்காகப் புரோமெத்தசின் சிரப் கொடுப்பது இரண்டு வயதுக்குள் மூச்சையே நிறுத்தலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் வயிற்றுவலிக்கு டைசைக்ளோமின் கலந்த சொட்டு கூடாது.

கைமருந்துகளில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கற்பூரம். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி மார்பில் தடவுவது எத்தனையோ வீட்டுப் பாட்டிமார் அன்போடு செய்வது. இரண்டு வயதுக்குள் அதைச் செய்யவேண்டாம். தோல் வழியாகவே உடம்பில் ஏறும், வாயில் ஒரு சிறு துண்டு போனாலும் வலிப்பு வரலாம். பூஜையறைக் கற்பூர டப்பா குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

புகட்டும் விதம்

சமையலறை ஸ்பூன்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. பாலாடையிலும் சங்கிலும் அளவுக் கோடு கிடையாது. ஊசி இல்லாத ஐந்து மி.லி. சிரிஞ்சு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சில ரூபாய்தான். பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள், இல்லையென்றால் மருந்து அடியில் படிந்து முதல் வேளைக்குத் தண்ணீராகவும் கடைசி வேளைக்குக் கெட்டியாகவும் போகும். சிரிஞ்சில் கோடு பார்த்து எடுங்கள். குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். காலில் மல்லாக்கப் போட்டு, மூக்கைப் பிடித்து, சங்கால் ஊற்றும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அழுகிற குழந்தை மூச்சை இழுக்கும்போது மருந்து நுரையீரலுக்குள் போகும். பால் பாட்டிலில் கலக்காதீர்கள், பாதிப் பாலோடு நிறுத்திவிட்டால் எவ்வளவு மருந்து போயிற்று என்று தெரியாது. கொடுத்த பதினைந்து நிமிடத்துக்குள் முழுவதும் வாந்தி எடுத்தால் ஒருமுறை மட்டும் திரும்பக் கொடுக்கலாம். அதற்குப் பின் எடுத்தால் அடுத்த வேளை வரை காத்திருங்கள்.

கொடுத்த நேரத்தை உடனே எழுதுங்கள். அம்மா வேலைக்குப் போகும்போது ஒருமுறை, பின்னால் ஆயா ஒருமுறை என்று இரண்டு பேரும் நல்ல மனதோடு கொடுத்துவிடுவது கூட்டுக்குடும்பத்தில் அடிக்கடி நடக்கிறது. ஃபிரிஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினால் தீர்ந்தது.

மருந்தை மிட்டாய் என்று சொல்லிப் புகட்டாதீர்கள். யாரும் இல்லாதபோது அந்த மிட்டாயைத் தேடிப் போகும். வீட்டில் குழந்தைக்கு மிக ஆபத்தானவை பெரியவர்களின் மாத்திரைகள். தாத்தாவின் சர்க்கரை நோய் மாத்திரை ஒன்று போதும், குழந்தையின் இரத்தச் சர்க்கரை அபாய அளவுக்கு இறங்க. கர்ப்பிணிக்குச் சுகாதார நிலையத்தில் தரும் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை பார்க்க ஜெம்ஸ் மிட்டாய் போலவே இருக்கும். மூத்த குழந்தை அதில் கைநிறைய விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அப்படி எதுவும் நடந்தால் புளித் தண்ணீரோ உப்புத் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ஆம்புலன்ஸுக்கு 108. மருத்துவ ஆலோசனைக்கு 104. டெல்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையம் 1800 116 117, இரவும் பகலும் எடுப்பார்கள்.

மருந்தைத் தூக்கி வைத்துவிட்டு ஓடவேண்டிய நேரம்

பால் குடிக்க முடியவில்லை, எழுப்பினாலும் விழிக்கவில்லை, வலிப்பு வந்தது, எதைக் கொடுத்தாலும் வாந்தி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, மலத்தில் இரத்தம், உடம்பில் சிவப்புப் புள்ளிகள். இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும். மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள், அது எந்த மருந்தையும்விட உதவும். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ, விலாவுக்குக் கீழே சதை உள்ளே குழிந்தாலோ நிமோனியாவாக இருக்கலாம். சிரப் வாங்க நிற்காதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது இதுவரை கொடுத்த எல்லாப் பாட்டில்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பில்லையும் சேர்த்து வையுங்கள். ஒரு மருந்தில் கோளாறு என்று செய்தி வந்தால் தொகுதி எண்ணை வைத்துத்தான் அதை அடையாளம் காணமுடியும்.

இந்தப் பக்கத்தை மூடியதும் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டு மருந்து டப்பாவைக் கட்டிலில் கொட்டுங்கள். காலாவதியானது, லேபிள் கிழிந்தது, யாருக்கு எப்போது வாங்கியது என்று தெரியாதது, இருமல் சிரப், எல்லாவற்றையும் தனியாக எடுத்துவிடுங்கள். ஒரு பாராசிட்டமால் பாட்டில், நான்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட், ஓர் உப்புநீர்ச் சொட்டு, ஒரு சிரிஞ்சு, ஒரு வெப்பமானி. இவ்வளவு போதும். பாராசிட்டமால் பெட்டியின்மேல் உங்கள் குழந்தையின் இன்றைய எடையையும், அந்தப் பாட்டிலில் அதற்கு எத்தனை மி.லி. என்பதையும் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். எடை தெரியாவிட்டால் நாளைக் காலை அங்கன்வாடிக்குப் போய் வாருங்கள்.